டச்சஸ் என்று சொல்லப்படும் மேற்படி செடி

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஜெயராஜ் வீட்டைத் தேடி வருகிறவர்கள் வீட்டு நம்பரைச் சொல்லித் திண்டாட வேண்டியதில்லை. 'டச்சஸ் வீடு' என்று கேட்டால் முனைப் பெட்டிக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். காட்டும்போது லேசாகச் சிரிக்கவும் செய்வார். அந்தச் சிரிப்பு மரியாதையினால் வருவது என்று ஜெயராஜ் இருபத்தேழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

டச்சஸ் ஒரு ரோஜாச் செடி. கேட்டைத் திறந்ததும் இடது பக்கம், சுவரோரம், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். போகிறவர் வருகிறவர் சட்டையையும் துப்பட்டாவையும் பிடித்து இழுக்காமல் விடாது. போஸ்ட்மேன் கடிதங்களைக் கேட்டுக்கு வெளியே நின்றே உள்ளே வீசுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அதைத் தாண்டும்போது சொல்லும் வார்த்தைகள் கன்னடத்தில் இருப்பதால் எழுதாமல் விடுகிறேன்.

ஜெயராஜ் சிட்டி சிவில் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பத்துநான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் வாதாடுவார், ஆனால் வாதாட வேண்டிய காகிதத்தை எழுதுகிறவர் ஜெயராஜ்தான். "வக்கீலுக்கு வாய்தான் வேணும், டிராஃப்டிங்குக்கு மூளை வேணும்" என்று வக்கீல் இல்லாத நேரத்தில் சொல்வார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில், 'மேற்படி மீன் குழம்பு நாளைக் காலைக்கு உரியது. யாதொருவரும் இன்றிரவு தொடலாகாது' என்று எழுதி ஒட்டுவார். பால் பாக்கெட் போடும் பையனுக்கு இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். அவருக்கு வாய்த்த மனைவி டீனா இதையெல்லாம் படித்துவிட்டு, அடியில் 'படித்தேன்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, தன் இஷ்டப்படியே செய்வார். முப்பத்தோரு வருடக் குடும்பம் இப்படித்தான் நடந்தது.

டச்சஸ் வந்தது 1997 ஜனவரியில். லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். வாசலில் ஒருவர் ஒட்டு ரோஜாக் கன்றுகள் விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒன்றில் கறுஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பூ. தொங்கிய அட்டையில் 'டச்சஸ் ஆஃப் வெஸ்ட்ஃபீல்டு' என்று போட்டிருந்தது. ஜெயராஜுக்குப் பூவைவிட அட்டை பிடித்துப்போயிற்று. சீமைப் பிரபு வீட்டம்மாவின் பட்டப்பெயரோடு ஒரு செடி வீட்டில் இருந்தால் வீட்டுக்கே ஒரு கௌரவம் என்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். டீனா நின்றுகொண்டு வந்தார்.

அந்த அக்டோபரில் மழை ஓய்ந்ததும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு ஜெயராஜ் கவாத்து செய்ய இறங்கினார். ரோஜாவைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. கோர்ட்டில் முப்பது பக்க மனுவை மூன்று பக்கமாக்கிப் பழகியவர் அவர். வெட்டி முடித்தபோது மண்ணுக்கு மேல் ஒரு கட்டைவிரல் உயரம் மிச்சம் இருந்தது.

"என்னங்க, இவ்ளோ வெட்டலாமா?" என்றார் டீனா.

"புக்குல போட்டிருக்கு. நீ பேசாம இரு."

டீனா பேசாமல்தான் இருந்தார். மாட்டுச்சாணம் கொண்டுவந்து போட்டார், டீத்தூள் போட்டார், முட்டைத்தோட்டைப் பொடித்துப் போட்டார், மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினார். நான்கு மாதத்தில் அடியிலிருந்து கட்டு கட்டாகக் கிளை வந்தது. ஆறாவது மாதம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூ கறுஞ்சிவப்பாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. அகலமும் பாதிதான்.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். ஜெயராஜ் யோசிக்கவில்லை, காரணம் கண்டுபிடித்தார். அதே வருடம்தான் வீட்டுக்கு போர்வெல் தண்ணீர் போய்க் காவேரித் தண்ணீர் வந்திருந்தது. "போர் தண்ணியில இரும்புச் சத்து. காவேரியில அது இல்ல. அதான் கலர் வெளுத்துப்போச்சு" என்று தெருவுக்கே விளக்கினார். குழாய்த் தண்ணீரால் சாயம் போன சங்கதியை விவரித்துத் தண்ணீர் ஆபீஸுக்கு இரண்டு பக்க மனு ஒன்றும் தயார் செய்தார். "குடுங்க, மார்க்கெட்டுக்குப் போறப்போ போஸ்ட் பண்ணிடறேன்" என்று டீனா வாங்கிக்கொண்டார். அந்த மனு தபால் பெட்டியைப் பார்த்ததா என்பது டீனாவுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

ஆக, டச்சஸ் வளர்ந்தது. யாரும் பூப் பறிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பூ செடியிலேயே பூத்து, செடியிலேயே உதிர வேண்டும். ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பும்போது டீனா, "ஒண்ணே ஒண்ணு குடுங்களேன், தலையில வச்சுக்கறேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"டச்சஸைப் போய் யாராவது தலையில வைப்பாங்களா? முனையில பூ விக்கிற லட்சுமம்மாகிட்ட வாங்கி வச்சுக்கோ."

டீனா அப்படியே லட்சுமம்மாவிடம் வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும். தலையில் ஒரு ரோஜாவோடு கணவர் முன்னால் வந்து நின்று, "நல்லாருக்கா?" என்று கேட்பார். "மார்க்கெட் பூவுல வாசனை ஏது? டச்சஸ் வாசனையே தனி" என்பார் ஜெயராஜ். டீனா ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டே போகிறார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் டீனா காய்ச்சலில் படுத்தார். பன்னிரண்டு நாளில் போய்விட்டார். அதன் பிறகு ஜெயராஜ் செடியிடம் பேச ஆரம்பித்தார் என்று சொல்வதற்கில்லை. அவர் பேசும் ரகம் அல்ல. ஆனால் காலையில் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்பார். சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது: வருடத்துக்கு ஒரு பூ, நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு. மற்றவர்களைப் போல மார்க்கெட்டில் இரண்டு கிலோ உதிரி ரோஜா வாங்கி டீனாவின் கல்லறை முழுக்கப் பரப்பி, நட்ட நடுவில் டச்சஸ் பூ ஒன்றை வைப்பார். தள்ளி நின்று பார்த்து, "நூறு பூ இருந்தாலும் டச்சஸ் தனியா தெரியுது பார்" என்பார். கூட வந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்த நிலைமையில்தான் தம்பி டிரேவர் கார் புக் செய்தார்.

வீடு பொது. கீழே ஜெயராஜ், மாடியில் டிரேவரும் அவர் மனைவி லவினாவும். தெருவில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் யாராவது கீறிக் கோடு போட்டுவிடுவார்கள் என்று டிரேவருக்குப் பயம். கேட்டுக்குள் நிறுத்தலாம், ஆனால் டச்சஸ் நிற்கிறது.

"அண்ணா, கோபப்படாதே. ஒரு ரோஜாச் செடிக்காக பன்னெண்டு லட்ச ரூபா வண்டிய ரோட்ல விட முடியுமா?"

"ஒரு ரோஜாச் செடியா? டேய், இந்த ஜாதி பெங்களூர்ல இன்னொண்ணு காட்டு பார்ப்போம்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லட்டும். நிஜமாவே பெரிய ஜாதின்னா நான் ரோட்லயே வுட்டுக்கறேன். சாதாச் செடின்னா எடுத்துடணும். ஓகேவா?"

வேறு யாராவது என்றால் யோசிக்கிறேன் என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். ஜெயராஜ் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதம் எடுத்துவந்தார். கோர்ட்டில் இங்கிலீஷும் கன்னடமும். இது குடும்ப விஷயம் என்பதால் தமிழில் எழுதினார்:

'1997ஆம் வருடம் ஜனவரி மாதம் லால்பாக் வாசலில் நம்மில் முதல் நபரான ஜெயராஜ் என்பவரால் வாங்கப்பட்டு, மேற்படி வீட்டு முன்வாசலில் அவர் கையால் நடப்பட்ட, டச்சஸ் என்று சொல்லப்படும் ரோஜாச் செடியானது, விஷயம் தெரிந்த நிபுணரால் டச்சஸ் அல்ல என்று சொல்லப்படும் பட்சத்தில், மேற்படி செடியை முதல் நபர் தன் கையாலேயே வேரோடு எடுத்துவிட வேண்டியது. இரண்டாம் நபரான டிரேவர் என்பவர் இது தவிர வேறு எந்தச் செடி கொடியின் மேலும் உரிமை கோரலாகாது.'

கடைசி வாக்கியம் பின்பக்கத்து முருங்கையைக் காப்பாற்ற. அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். லவினா சாட்சி. கையெழுத்துப் போடும்போது லவினா, "மாமா, வேண்டாமே. இதெல்லாம் எதுக்கு?" என்று இரண்டு தடவை சொன்னார். பயப்படாதே என்று ஜெயராஜ் அவருக்குத் தைரியம் சொன்னார்.

நிபுணரையும் அவரே தேடிப் பிடித்தார். பத்ரிநாத், மல்லேஸ்வரம், ரிட்டயரான பேங்க் மேனேஜர். மாடியில் இருநூறு ரோஜாத் தொட்டி வைத்திருப்பவர். கண்காட்சிகளில் நடுவராக உட்காருகிறவர். ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலையில் தொப்பி, பூதக்கண்ணாடி, சின்னக் கொத்துக்கரண்டி சகிதம் வந்து இறங்கினார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

டிரேவரும் லவினாவும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். ஜெயராஜ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

பத்ரிநாத் ஒரு பூவை மோந்து பார்த்தார். ஓர் இலையைப் பறித்து எண்ணினார். முள்ளைத் தடவினார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து அடிமண்ணைக் கொத்தத் தொடங்கினார். ஜெயராஜ் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சார், இந்தக் கலர் விஷயம். முதல்ல ரெட்டா இருந்தது. காவேரி வாட்டர் வந்தப்புறம்..."

"ஒந்து நிமிஷ, ஜெயராஜ் அவரே." பத்ரிநாத் மண்ணை ஊதிவிட்டு, முஷ்டி அளவு ஒரு முடிச்சைக் காட்டினார். "இது எட்வர்டு ரோஸ்."

ஜெயராஜின் முகம் மலர்ந்தது. படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடா? டச்சஸ் இல்லேன்னாலும் ராஜா பேருதான்!"

"ராஜா எல்லாம் இல்ல சார். ரொம்பப் பழைய ஜாதி, அது நிஜம். நூறு வருஷத்துக்கு மேலயே இங்க இருக்கு. மார்க்கெட்ல கிலோ கணக்குல வருதல்லவா, மாலை கட்ட, ஊதுபத்திக்கு, குல்கந்துக்கு? அதேதான் இது. நர்சரிக்காரங்க இதைத்தான் அடிச்செடியா வச்சு, மேல பெரிய பெரிய பேர் இருக்கற ரோஸை ஒட்டுவாங்க. உங்க டச்சஸை இதுமேலதான் ஒட்டியிருந்தாங்க." முடிச்சில் இருந்த ஒரு பழைய வெட்டுக்காயத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "நோடி, இங்க பாருங்க. யாரோ ஒட்டுக்குக் கீழயே வெட்டிட்டாங்க. டச்சஸ் அன்னிக்கே போயாச்சு. கீழ இருந்து கிளம்பினதுதான் இவ்ளோ மரம். யாரு சார் இந்த வேலையைச் செஞ்சது?"

ஜெயராஜ் தன் வலதுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆனா இதை வளர்த்தவங்க கை நல்ல கை" என்றார் பத்ரிநாத் எழுந்துகொண்டே. "வெட்டின வெட்டுக்கு அடிச்செடியும் செத்திருக்கணும். யாரோ உட்காந்து பார்த்துப் பார்த்துக் காப்பாத்தியிருக்காங்க."

அன்று சாயங்காலம் ஜெயராஜ் இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினார். ஒரு பூவைப் பறித்து, கைக்குட்டையில் சுற்றி, யாரும் பார்க்காமல் முனைக்கு நடந்தார். நிபுணர் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு என்றால் அப்பீல் இல்லாமல் அவரால் ஒத்துக்கொள்ள முடியாது.

லட்சுமம்மா கூடையை வைத்துக்கொண்டு சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் உதிரி ரோஜா. ஜெயராஜ் கைக்குட்டையைப் பிரித்துத் தன் பூவைத் தட்டின் மேல் வைத்து உற்றுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர்க்காரர் உரசிக்கொண்டு போக, லட்சுமம்மா தட்டை வெடுக்கென்று இழுத்தார். பூக்கள் குலுங்கின. மறுபடி குனிந்து பார்த்தபோது எது தன் பூ என்று ஜெயராஜுக்குத் தெரியவில்லை. ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்து மோந்தார். எல்லாமே டச்சஸ் வாசனை அடித்தது.

"விடு சார்" என்றார் லட்சுமம்மா. "எல்லாம் ஒண்ணுதான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பூ விக்கிறவளுக்குப் பூ தெரியாதா? தெருவுக்கே தெரியும் சார். அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க. 'அவரு ஆசையா வாங்கின செடி, அவரே வெட்டிப்புட்டாரு. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு. யாரும் சொல்லக்கூடாது'ன்னு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்கிட்ட இந்தப் பூவேதான் வேணும்னு பொறுக்கி எடுத்து வச்சுக்கும். 'வீட்டுல இதே பூ நூறு இருக்கு, நான் காசு குடுத்து வாங்கறேன் பாரு'ன்னு சிரிக்கும் சார். எப்படிச் சிரிக்கும்!"

ஜெயராஜ் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவர். இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டிக்கடைக்காரர் ஏன் சிரித்தார், கல்லறையில் எல்லோரும் ஏன் அப்படித் தலையாட்டினார்கள் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு விளங்கிக்கொண்டே வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, கண்முன்னால் அத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூவோடு வந்து நின்றவளை ஒருநாளாவது நன்றாக ஏறிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்குமே என்பதுதான் அவரை உறுத்தியது.

வீட்டுக்குப் போனார். அன்றைக்கு டிவி போடவில்லை. ஒப்பந்தத்தின் தன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார், திரும்பத் திரும்பப் படித்தார். செடிக்குப் பெரிய பேர் இருந்தவரை அது நின்றால் அவருக்குப் பெருமை, அவ்வளவுதான். இப்போது அதை வேரோடு எடுக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னல் வழியாகச் செடியைப் பார்த்தார். டீனா மீன் கழுவின தண்ணீர் ஊற்றி வளர்த்தது. ஒருமுறை வெட்டியது போதாதா?

ஞாயிறு பூசை முடிந்து டிரேவர் இறங்கி வந்தார். கையில் காகிதம், முகத்தில் ஜெயித்த களை அவ்வளவாக இல்லை. பின்னாலேயே லவினா. ஜெயராஜ் செடியின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, கார் வியாழக்கிழமை வருது. அவசரம் இல்ல, நீயே மெதுவா..."

"படி."

"என்னத்தைப் படிக்கிறது? கையெழுத்து போட்டிருக்கோமே."

"சத்தமா படிடா."

டிரேவர் படித்தார். "1997ஆம் வருடம் ஜனவரி மாதம் லால்பாக் வாசலில் நம்மில் முதல் நபரான ஜெயராஜ் என்பவரால் வாங்கப்பட்டு..."

"நிறுத்து. அந்தச் செடி எங்க?"

"இதோ."

"இது இல்ல. நிபுணர் என்ன சொன்னாரு? நான் வாங்கின செடிய நானே அந்த வருஷமே வெட்டிட்டேன். என் கையாலேயே. உன் பேப்பர்ல என்ன இருக்கோ அதை நான் இருபத்தேழு வருஷம் முன்னாடியே நிறைவேத்திட்டேன். இப்ப நிக்கிறது நான் வாங்கினது இல்ல, நான் வளர்த்தது இல்ல, இதுக்கு டச்சஸ்னு பேரும் இல்ல. இது டீனா செடி. டீனா செடியப் பத்தி பேப்பர்ல ஒரு வார்த்தை இல்ல. கடைசி வரியப் படி."

டிரேவர் கடைசி வரியைத் தனக்குள் படித்தார். 'இது தவிர வேறு எந்தச் செடி கொடியின் மேலும் உரிமை கோரலாகாது.' மறுபடி படித்தார்.

"அண்ணா, இது அநியாயம்."

"அநியாயம் இல்லடா. டிராஃப்டிங்."

லவினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். டிரேவர் காகிதத்தையும் செடியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை. டிரேவர் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது அண்ணியாக வந்தவர் டீனா. பரீட்சைக் காலத்தில் விடியற்காலையில் எழுந்து அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவர்.

"அண்ணி செடின்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் வாயையே திறந்திருக்க மாட்டேனே" என்றார் டிரேவர்.

"எனக்கே நேத்துதான்டா தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றார் லவினா படியிலிருந்து. "அக்கா சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அதான் மாமா, கையெழுத்து போடாதீங்கன்னு சொன்னேன்."

டிரேவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை கார் வந்தது. தெருவில்தான் நிற்கிறது, உறை போட்டு. ஒரு வாரம் ஆகவில்லை, மூன்று நாளிலேயே கோடு விழுந்துவிட்டது. போட்டது ரோஜாக் கிளை. சுவருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஜெயராஜ் வருத்தம் தெரிவித்து எழுத்து மூலமாக ஒரு கடிதம் கொடுத்தார். கிளையை வெட்டவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி அவர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. காலையில் மூங்கில் கூடையோடு செடியிடம் போனார். முள் குத்தக் குத்த, இருந்த பூ அத்தனையையும் பறித்தார். இரண்டு பூவை எடுத்து லவினாவிடம், "வச்சுக்கோம்மா" என்று கொடுத்தார். போகிற வழியில் லட்சுமம்மா அவர் கையில் இருந்த கூடையைப் பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த நூலைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் வழக்கமாகக் கும்பிடுவது மாரியம்மனை.

கல்லறைத் தோட்டத்தில் ஒரே கூட்டம், மெழுகுவர்த்திப் புகை. ஜெயராஜ் கல்லைக் கழுவித் துடைத்துப் பூவைப் பரப்பினார். நடுவில் தனியாக எதையும் வைக்கவில்லை. ஒரே ஒரு பூவை மட்டும் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கஷ்டப்பட்டு முட்டி போட்டு, தலைமாட்டில் டீனாவின் பெயருக்கு மேலே செருகி வைத்தார்.

கொஞ்சம் பின்னால் சாய்ந்து நன்றாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார்.